வேலாயி துலக்கிய காசு

அக்கரப்பத்தனை கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்த நாளில் வேலாயி என்ற பேரில் நான்கு பேர் இருந்தார்கள். கொழுந்தெடுக்கிற வேலாயி ஒருத்தி. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் ஒருத்தி. கோயில் பக்கத்து லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், நெட்டை வேலாயி ஒருத்தி. நாலாவது ஆளைத் துலக்கு வேலாயி என்பார்கள். அவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

பித்தளையோ செம்போ வெண்கலமோ, அவள் கைக்குப் போனால் பொன்னாகத் திரும்பி வரும். மாரியம்மன் கோயில் குத்துவிளக்கு, பெரிய கங்காணி வீட்டுத் தவலை, கலியாணத்துக்கு வாங்கிய குடம் எல்லாம் அவளிடம்தான் வரும். அவளுக்கு வேண்டிய சாமான் என்ன பெரிய சாமான்! ஒரு சிரட்டையில் சலித்த அடுப்புச் சாம்பல், ஒரு கை பழம்புளி, கொஞ்சம் செங்கல் தூள், தேங்காய் நார். மலைத் தண்ணீர் பீலிக் குழாயில் வந்து விழுகிற கல்லருகே குந்தினாள் என்றால், தேய்க்கிற சத்தம் மூன்று லயத்துக்குக் கேட்கும். "அழுக்கோட ஒண்ணையும் வீட்டுல வச்சிருக்கக் கூடாது. வச்சா மூதேவி வந்து பக்கத்துல குந்திக்குவா" என்பாள். தன் கையின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால்தான் என்ன? அந்தத் தோட்டத்தில் ஒரு பொம்பிளைக்குத் தன்னுடையது என்று கர்வப்பட வேறு என்ன கிடைத்துவிட்டது!

லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் சாமி படத்துக்கு மேலே, கூரைக் கம்பில், ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. அது அவள் புருஷன் மூக்கன் முடிந்தது. மகள் அழகம்மாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து ஏழு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். எட்டாம் நாள் விடியுமுன்னே மூக்கன் குளித்துவிட்டு வந்து, முசிறிப் பக்கத்துத் தன் ஊரிலிருந்து அவனுடைய ஆட்கள் கொண்டுவந்திருந்த பழைய செம்புக்காசு ஒன்றை மஞ்சள் துணியில் வைத்து முடிந்தான். "எங்க ஊரு மாரியாத்தா, புள்ள பொழச்சா நானே ஊருக்கு நேர்ல வந்து இந்தக் காசை உன் காலடியில செலுத்துறேன்" என்றான். அன்று சாயங்காலமே பிள்ளை கஞ்சி கேட்டது.

பிள்ளை பிழைத்தது, மூக்கன் பிழைக்கவில்லை. நாலு மாதம் கழித்து, மழை நாளில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தவன் மேல் மலைச்சரிவு இறங்கிவிட்டது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். அன்றிலிருந்து அந்த முடிச்சு வேலாயியின் தலைக்கு மேலே தொங்கியது. சாமிக்கு முடிந்த காசை நடுவில் அவிழ்க்கக்கூடாது. வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பவும் அவளுக்கு மனம் இல்லை. நேரில் வருகிறேன் என்றல்லவா அவன் சொல்லியிருந்தான்! சரி, தானே போகலாம் என்றால், தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். ஆம்பிளை உள்ள வீடுகளே எப்போது தோட்டப் பதிவில் பேரை வெட்டி ஊருக்கு அனுப்புவார்களோ என்று நடுங்கிக் கிடந்தன. ஒற்றைப் பொம்பிளை கடல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தால் துரை மறுபடி பேர் பதிவார் என்று என்ன நிச்சயம்? இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று. அழகம்மா ஒரு தும்மல் தும்மினால்கூட வேலாயி முதலில் கூரைக் கம்பைத்தான் பார்ப்பாள்.

மூக்கன் போன பிறகு அவளை மலையேறவிடாமல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் முத்துலிங்கம். அவர் பெரிய படிப்புப் படித்த டாக்டர் இல்லை. மருந்து கலந்து கொடுத்து, கட்டுப் போட்டு, பிரசவம் பார்க்கிறவர். ஆனாலும் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டரய்யா. அட்டன் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். கலியாணம் காட்சி இல்லை. அவர் ஒன்றும் தங்கமான மனிதர் என்று சொல்லமாட்டேன். முசுடு. சிரித்தால் மருந்து கெட்டுப்போய்விடும் என்று நினைக்கிற முகம். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம், பழங்காசு.

ஊரிலிருந்து வந்தவர்கள் மூட்டையில் கிடந்தது, மண் வெட்டும்போது கிடைத்தது, நோர்வூட் கடைத்தெருவில் ஓட்டைப் பித்தளைக்காரனின் சாக்கில் கிடந்தது என்று எங்கே ஒரு பழைய காசு இருந்தாலும் அவருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு காசையும் தூள் மருந்து மடிக்கிற தாளில் மடித்து, மேலே அது என்ன காசு, எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்தது என்று சின்ன எழுத்தில் எழுதி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்.

வேலாயிக்கு அவர் காசைச் சுத்தம் பண்ணுகிற விதம் மட்டும் விளங்கவே இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் காசை நாள் கணக்கில் போட்டு வைப்பார். பிறகு ஆலிவ் எண்ணெய்ச் சாடியில் மாதக் கணக்கில் ஊறவிடுவார். இளகின மண்ணை எலுமிச்சை முள்ளால் கடுகத்தனை கடுகத்தனையாகக் கிளறுவார். பஞ்சால் ஒற்றுவார். தேய்க்கவே மாட்டார். அதிலும் ஒரு காசு அவரை ஏழு மாதமாகப் படுத்தியது. ஒரு பக்கம் ஒரு ஆள் நிற்கிற மாதிரி உருவம். மறுபக்கம் பச்சைக் களிம்புக்குள்ளே மூன்று எழுத்து. இரண்டு எழுத்து அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது அரைவாசிதான் தெரிந்தது. அதைப் பற்றிக் கொழும்பிலே பழங்காசு படித்த ஒரு பெரியவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவரும் பார்க்க வருவதாகப் பதில் போட்டிருந்தார். அன்றைக்குத்தான் முத்துலிங்கம் சிரித்ததை வேலாயி முதல் தடவையாகப் பார்த்தாள்.

அது முப்பத்தாறாம் வருஷம், பங்குனி மாதம். கோயில் கரகத்துக்கு முந்தின நாள். அந்த நாளில் தோட்டத்தில் துலக்காத உலோகம் என்று ஒன்று இருக்காது. கதவுக் கொண்டிகூடப் பளபளக்க வேண்டும். வேலாயி விடியற்காலையிலிருந்து பீலியருகே குந்தி ஊர்ப் பாத்திரம் எல்லாம் தேய்த்துவிட்டு, மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கீழ்ப்பிரிவில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டு நாழியாகிறது என்று ஆள் வந்து நின்றது. முத்துலிங்கம் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். "வேலாயி, நாளைக்குத் திருவிழா. எல்லாத்தையும் தொடைச்சுத் துப்புரவாக்கி வை" என்று வாசலில் திரும்பிச் சொன்னார்.

மேசையில் மரப்பெட்டி திறந்து கிடந்தது. கொழும்புப் பெரியவருக்குக் காட்டுவதற்காக, தாள்களைப் பிரித்துப் பொறுக்கியெடுத்த பதினேழு காசைப் பஞ்சின் மேல் வரிசையாக வைத்திருந்தார். கறுப்பும் பச்சையுமாகக் கிடந்தன. எண்ணெய்ச் சாடியில் அந்த ஏழு மாதத்துக் காசு. வேலாயி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் திக்கென்றது. மூக்கன் முடிந்தானே, அதே மாதிரிக் காசு. நிற்கிற ஆள் அவள் கண்ணுக்குச் சாமியாகத் தெரிந்தான். சாமி முகத்தில் பாசி பிடித்துக் கிடந்தது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது 'படிக்காத பொம்பிளை, வேறென்ன செய்வாள்' என்று சொல்ல வாயெடுத்தால், கொஞ்சம் பொறுங்கள். அவள் மனசில் ஓடியதைக் கேளுங்கள். பாவம், இந்த மனுஷன் ஏழு மாதமாக எண்ணெயில் ஊறப்போட்டும் அழுக்கு விடவில்லையே! ஆம்பிளைக்கு இந்த வேலை எங்கே தெரியும்? நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரம். புருஷன் செத்த வீட்டுக்குச் சோறு போட்ட மனுஷனுக்கு நாம் திருப்பிச் செய்ய வேறு என்ன இருக்கிறது? இதைத்தான் அவள் நினைத்தாள். அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கைவேலை. அதை எடுத்து அவருக்குக் கொடுத்தாள்.

புளியைக் கரைத்தாள். சாம்பலை இன்னொரு தரம் துணியில் சலித்தாள். பதினேழையும், அந்தப் பதினெட்டாவதையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். கழுவித் துடைத்துப் பஞ்சின் மேல் மறுபடி அடுக்கியபோது, சாயங்கால வெயிலில் பதினெட்டுச் சின்னச் சூரியன் எரிந்தது.

முத்துலிங்கம் ஆறு மணிக்கு வந்தார். ஆண் குழந்தை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மேசையைப் பார்த்தார். வேலாயி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எப்போது நல்ல வார்த்தை விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சாடியைப் பார்த்தார். வெறும் எண்ணெய். வரிசையில் கடைசிக் காசை எடுத்து ஜன்னலோரம் போய்த் திருப்பினார். பெருவிரலால் தடவினார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு இதச் செஞ்சது?"

"நான்தாங்கய்யா. நீங்க ஏழு மாசமா படுற கஷ்டத்தப் பாத்துக்கிட்டு இருக்க முடியலைங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காசைப் பஞ்சின் மேல் திருப்பி வைத்தார். வேலாயி ஒரு அடி முன்னே வந்தாள். "ஐயா, அழுக்கத்தானே எடுத்தேன்?" என்றாள்.

"அழுக்கு இல்ல வேலாயி. எத்தனையோ நூறு வருசம் மண்ணுல கெடந்து அந்தக் காசு தன் மேல போத்திக்கிட்ட தோலு அது. கீழ செம்பு எப்பவோ அரிச்சுப் போச்சு. எழுத்து அந்தத் தோலுலதான் நின்னுச்சு. நீ தோலை உரிச்சிட்டே." குரல் உயரவில்லை. "நீ போ" என்றார்.

அவர் ஏசியிருந்தால் தேவலை. 'சனியனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பாள். வெளியே தாழ்வாரத்தில் நின்று ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் பழைய தாள்களை ஒதுக்கிவிட்டுப் புதுத்தாள் எடுத்து ஒவ்வொரு காசாக எழுதி மடித்தார். கடைசிக் காசுக்கு மட்டும் ரொம்ப நேரம் எழுதினார். பிறகு பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வேலாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. யார் கொண்டுவந்தது என்று எழுதுகிறவர், யார் அழித்தது என்று எழுதமாட்டாரா? 'வேலாயி கெடுத்தாள்' என்று எழுதியிருப்பார். அவள் செத்துப்போவாள், அவள் மகளும் ஒரு நாள் செத்துப்போவாள், அந்தத் தாள் இருக்கும். இன்னும் எத்தனை தலைமுறை கழித்து யார் பிரித்தாலும் அவள் பேர் அதில் கைவிலங்கு மாட்டிக்கொண்டு நிற்கும். அது அவள் நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் கொழும்புப் பெரியவர் காரில் வந்தார். வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி. வேலாயிதான் தேத்தண்ணி கொண்டுபோனாள். அவர் அந்தக் காசை லென்சில் பார்த்தார், கீழே வைத்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு என்னமோ சொன்னார். பெரியவர் நிமிர்ந்து, தட்டோடு நின்றவளை ஒரு பார்வை பார்த்தார். தேத்தண்ணி எடுக்கத்தான் பார்த்தாரோ என்னவோ, யார் கண்டது! வேலாயி பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். ஐயா என் பேரைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தாள். பெரியவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி வரவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் எதையும் துலக்கவில்லை. பாத்திரம் கொண்டுவந்தவர்களைக் கை வலி என்று திருப்பி அனுப்பினாள். பக்கத்துக் காம்பரா தனலெட்சுமி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே, "என்னாடி இது கூத்து! ஊரு வெளக்கெல்லாம் எரிய வச்சவ வீட்டு வெளக்கு கரியா கெடக்கு?" என்று கேலி பண்ணினாள். வேலாயி எழுந்து உள்ளே போய்விட்டாள். முத்துலிங்கமும் அவளோடு பேசவில்லை. 'கூட்டு', 'தண்ணி கொண்டா', 'கதவச் சாத்து', இவ்வளவுதான். நாலு மாதம் இப்படிப் போயிற்று.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது அவள் முடிச்சைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதே காசு. அதே நிற்கிற ஆள். புளியும் சாம்பலும் படாத காசு. ஒன்பது வருஷம் துணிக்குள்ளேயே இருந்த காசு. அந்த எழுத்து இதிலும் இருந்தால்? இதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தால், அந்தத் தாளைக் கிழித்துப் போடமாட்டாரா?

அந்த நினைப்பு வந்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா காசு! பிள்ளையின் உயிருக்கு ஈடாக வைத்த காசு! மூன்று வெள்ளிக்கிழமை அவள் அந்த முடிச்சோடு போராடினாள். சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் மகள். ஒரு பக்கம் அந்தத் தாள். நாலாவது வெள்ளிக்கிழமை, அழகம்மா பள்ளிக்கூடம் போன பிறகு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு முடிச்சை இறக்கினாள்.

"ஆத்தா, தெரிஞ்சேதான் செய்யிறேன். இந்தக் குத்தத்துக்கு என்னைய எடுத்துக்க. எம்புள்ளையத் தொடாத" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

துணி காசோடு ஒட்டிக் கிடந்தது. முள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். நாலு மாதத்துக்கு முன்னே என்றால் பல்லால் கடித்து இழுத்திருப்பாள். காய்ந்த மஞ்சளுக்குள்ளே காசு கறுத்திருந்தது. தேய்க்காமல், ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுப் பெருவிரலால் தடவினாள். வழுக்கியது. திருப்பித் தடவினாள். அந்தப் பக்கமும் வழுக்கியது. நிற்கிற ஆளின் முழங்கால் மட்டும் ஒரு மேடாக இருந்தது. எழுத்து இல்லை. ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷமாக ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காத ஞாபகம். நினைத்துப் பார்க்க அதில் என்ன இருந்தது? அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஒரு வேலை. பிள்ளை பாயில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. மூக்கன் மஞ்சள் துணியை விரித்து, கறுத்த காசை நடுவில் வைத்தான். அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். "சீ, இந்தக் கரிக்காசையா ஆத்தாவுக்கு முடியப் போறீங்க? கொண்டாங்க இங்கிட்டு!" பீலிக்கு ஓடினாள். புளியும் சாம்பலும் போட்டு, அழுதுகொண்டே, பிள்ளை உயிர் அந்தக் காசில்தான் இருக்கிற மாதிரி தேய் தேய் என்று தேய்த்தாள். தங்கக்காசு மாதிரி கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். ஏழு நாளாகச் சிரிக்காத மனுஷன் சிரித்துவிட்டான். "அடியே, ஆத்தாவுக்கே கண்ணு கூசப் போவுதுடி" என்றான்.

வேலாயி தரையில் குந்தி, காசை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். தான் கெடுத்த காசுக்கு ஈடு கொடுக்க வைத்திருந்த ஒரே காசையும் தானே கெடுத்திருந்தாள். யாரை நோவது?

ஆனால் அவள் எழுந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். ஏன் போனாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு மனுஷருக்கு ஒரு தைரியம் வரும் பாருங்கள், அதுதான். மஞ்சள் துணியோடு காசை மேசையில் வைத்தாள்.

"அந்தக் காசுக்குப் பதிலா இதக் குடுக்கலாமுன்னு அவுத்தேங்கய்யா. இதையும் நானேதான் தேச்சிருக்கேன்" என்றாள்.

முத்துலிங்கம் மஞ்சள் துணியைப் பார்த்தார், முகம் மாறியது. "இது நேந்துக்கிட்ட காசுல்ல? இதயா அவுத்தே?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், முடிச்சு, பீலிக்கு ஓடியது, மூக்கன் சிரித்தது. அவர் லென்சை எடுத்து இரண்டு பக்கமும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லென்சைக் கீழே வைத்தார்.

"எம்பொட்டியில நூத்துச் சொச்சம் காசு இருக்கு வேலாயி. எந்தக் காச யாரு எதுக்காக இடுப்புல வச்சிருந்தா, எப்பிடித் தொலச்சான்னு ஒண்ணுக்கும் எனக்குத் தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் எழுத்தத் தேடிக்கிட்டு ராப்பகலாக் கண்ணக் கெடுத்துக்கிறேன். இதுல எழுத்தே இல்ல. ஆனா எல்லாம் தெரியுது." மூக்கை உறிஞ்சினார். அழுதாரா, சளியா என்று சொல்ல முடியாது. அவர் அப்படிப்பட்ட ஆள். "எடு. இது எனக்குள்ளது இல்ல. ஆத்தாவுது."

"எழுத்தில்லாத மொட்டக் காச ஆத்தா வாங்குவாளாங்கய்யா?"

"ஆத்தா என்ன, பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டா உக்காந்திருக்கா?"

வேலாயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. நாலு மாதத்துக்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. ஆனாலும் அந்தத் தாளைப் பற்றிக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் தை மாதம் அட்டனில் கடை வைத்திருந்த தன் வீட்டு ஆட்கள் ஊருக்குப் புறப்பட்டபோது, முத்துலிங்கம் துரையிடம் நின்று, வேலாயி பேர் வெட்டக்கூடாது என்று ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினார். அதற்காகத் துரையின் பல்வலியைக்கூட அவர் கொஞ்சம் நீட்டி வைத்தார் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஆட்களோடு வேலாயியும் அழகம்மாவும் ரயிலிலும் கப்பலிலும் போனார்கள். புதுத் துணியில் மஞ்சள் தோய்த்து மறுபடி முடிந்திருந்த காசை வேலாயி வழிநெடுக மடியிலிருந்து எடுக்கவே இல்லை. ஊர் மாரியம்மன் உண்டியலில் அவள் முடிச்சை அவிழ்த்துப் போட்டபோது, வெளியே ஒரே இரைச்சல். காசு விழுந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. "வந்துட்டாரு ஆத்தா, என்னைய அனுப்பியிருக்காரு" என்று மட்டும் சொன்னாள். அழகம்மா எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள். தூசி என்றாள்.

திரும்பி வந்த பிறகு அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு புது வேலை சேர்ந்தது. முத்துலிங்கத்துக்குக் கை நடுக்கம் கண்டிருந்தது. எலுமிச்சை முள்ளை இப்போது வேலாயிதான் பிடித்தாள். ஊரையே தேய்த்த கை, கடுகத்தனை மண்ணை இளக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தது. எழுத்து லேசாகத் தலைகாட்டியதும் நிறுத்திவிட்டு, "ஐயா, வருது" என்பாள். அவர் லென்சோடு ஓடி வருவார். பார்த்து முடித்ததும் தாளில் எழுதி மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது மட்டும் அவர் வேலை. பெட்டி மூடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் அந்த முள் ஒரு தரம் அசையும். மகளுக்குப் படிக்கத் தெரியும், கேட்கலாம். ஆனால் மகள் வாயால் அதைக் கேட்பதா?

முப்பத்தொன்பதாம் வருஷம் முத்துலிங்கத்துக்குப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. மருந்துச் சாமான்களைக் கணக்கு ஒப்படைக்க அவர் பங்களாவுக்குப் போனார். போகுமுன் கழுத்துச் சாவிக் கயிற்றைக் கழற்றி வேலாயி கையில் கொடுத்தார். "பஸ்ஸுல குலுங்கும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பஞ்சு வச்சுக் கட்டு" என்றார்.

பதினைந்து வயது அழகம்மா பஞ்சு கிழித்துக் கொடுக்க வந்திருந்தாள். வேலாயி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்தாள். கீழ் வரிசையில் ஒன்றைத் தொட்டதுமே தாளுக்கு மேலாகவே அது அந்தப் பதினெட்டாவது காசு என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. கை நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு, வருவது வரட்டும் என்று, மகளிடம் நீட்டினாள்.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு படி."

அழகம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தாள். "நோர்வூட்டில் கிடைத்த செம்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் மூன்று எழுத்து இருந்தது, அழிந்தது. பெட்டியைப் பூட்டாமல் போனேன். விவரம் சொல்லிவைக்கவும் இல்லை. தவறு என்னுடையது. முத்துலிங்கம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"நல்லாப் பாரு. எம்பேரு இல்ல?"

"உம்பேரு எதுக்கும்மா இதுல இருக்கப் போவுது?" என்றாள் அழகம்மா. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலாயி மேசையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம்! மூன்று வருஷம் அவள் சுமந்த தாளில் அவள் இல்லை. அந்த முசுட்டு மனுஷன் அன்றைக்குச் சாயங்காலமே, அவள் ஜன்னலுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றபோதே, தன்மேல் எழுதி மடித்து வைத்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

"அம்மா, இந்தப் பொட்டலத்துல காசு இல்ல" என்றாள் அழகம்மா. பெட்டியின் மூலையிலிருந்து ஒன்றை எடுத்திருந்தாள். மடித்த தாள், மற்றதைப் போலவே மேலே எழுத்து. தட்டையாக இருந்தது. "ஆனா எழுதியிருக்கு."

"படி."

"மூக்கன் காசு. மகள் அழகம்மாவுக்காக முடிந்தது. துலக்கியது வேலாயி. இப்போது இருக்கும் இடம், ஆத்தா உண்டியல்."

படித்து முடித்துவிட்டு அழகம்மா அம்மாவைப் பார்த்தாள். வேலாயி அந்த வெறும் பொட்டலத்தை வாங்கி, எழுத்தைப் பார்த்தாள். அதில் எது தன் பேர் என்று அவளுக்குத் தெரியாது. மகளிடம் கேட்டாள். அழகம்மா விரல் வைத்துக் காட்டினாள். வேலாயி அந்த இடத்தைத் தொடவில்லை. மை கலைந்துவிடும் என்று மற்றக் கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு அதற்கும் மேலே ஒரு பஞ்சு, கீழே ஒரு பஞ்சு வைத்து, இருந்த மூலையிலேயே திருப்பி வைத்துப் பெட்டியைக் கட்டினாள்.